பதிவேற்றியவர்: ஆசிரியரே

இங்க யாராவது வர்றாங்களா? இல்லையே? உக்காந்துக்கறேன். இல்லைங்க, பையை மேல வைக்க வேண்டாம், மடியிலயே இருக்கட்டும். உள்ள தாள் இருக்கு, கசங்கிடும். திருநெல்வேலிக்குத்தானே நீங்களும்? நல்லது. மெயின் ரோட்டுக் கைகாட்டி முக்குல அரை மணி நேரமா நிக்கிறேன், மூணு பஸ் நிக்காமப் போயிட்டான். அங்க இருந்த டீக்கடையில ஒரு காபி குடிச்சேன், தண்ணி மாதிரி இருந்துச்சு. ஆனாலும் குடிச்சேன். காபி இல்லாட்டி எனக்கு மண்டை பொளக்கும். காலையில ரெண்டு, பதினோரு மணிக்கு ஒண்ணு, மூணு மணிக்கு ஒண்ணு. இன்னிக்கு எல்லாம் முன்னப்பின்ன ஆயிருச்சு. அதான் கை காலு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. தப்பா எடுத்துக்காதீங்க.

ஜன்னலைக் கொஞ்சம் சாத்தட்டுமா? இல்ல, வேண்டாம். திறந்தே இருக்கட்டும்.

நான் பல்கலைக்கழகத்துல நூலகர். செண்பகவல்லி. நூலகர்னா புத்தகத்துல முத்திரை குத்திக் கொடுக்கிற வேலைன்னு நினைச்சுடாதீங்க, எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. நான் பார்க்கிறது வேற. ஆய்வுக் களஞ்சியம். எங்க பேராசிரியர்கள் எழுதின கட்டுரைங்க எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி, உலகத்துல யார் வேணா, எங்க இருந்து வேணா, எந்தக் கட்டணமும் இல்லாமப் படிக்கலாம்னு திறந்து விடற வேலை. ஆறு வருசமா நான்தான் பொறுப்பு. தனியா.

அதோட அருமை சொன்னாப் புரியாது. நான் எம்ஃபில் படிக்கும்போது ஒரே ஒரு கட்டுரை தேவைப்பட்டுச்சு. ஒண்ணே ஒண்ணு. இருபது பக்கம். மதுரைக்கு எழுதினேன், சென்னைக்கு எழுதினேன், டெல்லிக்கு எழுதினேன். ஒரு இடத்துல இருக்கு, ஆனா வெளியாளுக்குக் கொடுக்க மாட்டோம்னாங்க. என் கைடு, "தலைப்பை மாத்திக்கோ"ன்னுட்டார். மாத்திக்கிட்டேன். எவனோ ஒருத்தன் அலமாரியைப் பூட்டி வச்சதுக்காக நான் தலைப்பை மாத்தினேன். அன்னிக்கு முடிவு பண்ணினேன், என் கையில சாவி வந்தா எதையும் பூட்ட மாட்டேன்னு. அதுக்குத்தான் இவ்வளவும். அதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டு மிச்சத்தைக் கேளுங்க.

இந்தக் களஞ்சியத்துல ஒரு விதி உண்டு. எழுதினவங்களே அவங்க கட்டுரையை ஏத்தணும். செல்ஃப் ஆர்க்கைவிங்னு சொல்லுவாங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு கணக்கு, ஒரு பாஸ்வேர்டு. ஏத்தினதும் கீழ தானா ஒரு வரி வந்துரும்: பதிவேற்றியவர், ஆசிரியர்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு. எங்க ஆளுங்க செய்வாங்கங்கறீங்க? சுற்றறிக்கை அனுப்பினேன், ஒருத்தரும் அசையல. மறுபடி அனுப்பினேன். ஒருத்தர் "என் கட்டுரையைத் திருடிருவாங்க"ங்கறார். அதை ஓசியில கொடுத்தாலும் எவனும் எடுக்க மாட்டான், அது வேற விசயம். இன்னொருத்தருக்கு ஸ்கேன் பண்ணத் தெரியாது. இன்னொருத்தர் தெரியும்ங்கறார், ஆனா நேரம் இல்ல. அதுக்குள்ள பல்கலைக்கழகத்துக்குத் தரம் போடற ஆய்வுக்குழு வருதுன்னு தேதி வந்துருச்சு. துணைவேந்தர் கூப்பிட்டு, "களஞ்சியத்துல எண்ணிக்கை எங்கம்மா?"ன்னு கேக்கறார்.

சரின்னு நானே ஏத்தினேன். அவங்கவங்க கணக்குல, அவங்கவங்க பேர்ல. பாஸ்வேர்டெல்லாம் நான் போட்டுக் கொடுத்ததுதானே, நோட்டுல எழுதி வச்சிருக்கேன். நூத்தி நாப்பது பேரு. ஒருத்தர்கூட ஏன்னு கேக்கல. "தேங்க்ஸ்மா"ன்னாங்க. தப்பா இது? உதவி. கண்ணு தெரியாதவருக்குக் கையைப் பிடிச்சு ரோடு தாண்ட விடற மாதிரி.

ஞானதிரவியம் சாருக்கும் அப்படித்தான்.

அவர் சமூகப்பணித் துறையில இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தாறு வயசு. நல்ல மனுசன். எங்க ஆளுங்கள்ல கட்டுரையை ஒழுங்கா அடுக்கி, அட்டை போட்டு, வருசவாரியா எழுதி எடுத்துட்டு வந்தவர் அவர் ஒருத்தர்தான். ரெண்டு துணிப்பை. என் மேசையில வச்சார்.

"செண்பகம், முப்பது இருக்கு. பார்த்துக்கோ."

நான் அவர் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். "சார், முப்பத்தொண்ணுன்னு இருக்கே. தொண்ணூத்தஞ்சுல நம்ம பல்கலைக்கழக இதழ்ல ஒண்ணு வந்திருக்கு. தொழுநோய் குணமான பெண்கள் பத்தி."

"அது வேண்டாம்."

"ஏன் சார்?"

"அது கிடக்கிற இடத்துல கிடக்கட்டும்மா."

அவ்வளவுதான். காரணம் சொல்லல. இதை நீங்க கவனிக்கணும், காரணம் சொல்லல. சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா? நான் என்ன நினைச்சேன்னா, பழைய கட்டுரை, ஏதோ புள்ளிவிவரம் தப்பா இருக்கும், வயசான காலத்துல யாரும் குத்தம் சொல்லிடக் கூடாதுன்னு பயப்படறார்னு. நிறையப் பேருக்கு அந்தப் பயம் உண்டு. முப்பத்தொண்ணுல முப்பது ஏத்தினேன். ஏத்திட்டுப் பார்த்தா, முன்பல்லு ஒண்ணு விழுந்த மாதிரி இருக்கு. தொண்ணூத்தஞ்சு காலியா இருக்கு. அந்த இதழ் நின்னு இருபது வருசமாச்சு, பைண்டு பண்ணின தொகுதி எங்க கிடங்குலயேதான் இருக்கு. பதிப்புரிமையும் எங்களோடதுதான். போய் எடுத்தேன். தூசு தட்டி ஸ்கேன் போட்டேன். ஏத்தினேன்.

சும்மா ஏத்தல. எந்தக் கட்டுரையையும் நான் சும்மா ஏத்த மாட்டேன். தேடுசொல்னு ஒண்ணு கொடுக்கணும், தேடறவங்க கண்ணுல படணும்னா அதுதான் உயிர். இந்தக் கட்டுரையில சார் ஊர் பேரே போடல. 'ஒரு கிராமம்'னு மட்டும் எழுதியிருந்தார். பெண்கள் பேரும் இல்ல, எல்-ஒண்ணு, எல்-ரெண்டுன்னு நம்பர். இப்படி இருந்தா யார் தேடி எடுப்பா? கடைசிப் பக்கத்துல சின்ன எழுத்துல ஒரு நன்றி இருந்துச்சு, இன்ன ஊர் சுகாதார செவிலியருக்கு நன்றின்னு. ஆஹா, இதுதானே அந்த ஊருன்னு பிடிச்சுட்டேன். ஊர் பேரைத் தேடுசொல்லா போட்டேன். மாவட்டம், வட்டம் எல்லாம் போட்டேன். எங்க துறையில இதை நல்ல வேலைன்னு சொல்லுவாங்க. நீங்க வேணா யாரையாவது கேட்டுப் பாருங்க.

ஊர் பேரை இப்ப உங்ககிட்டச் சொல்ல மாட்டேன். அது சரியில்ல. நான் ஏறின கைகாட்டியில இருந்து மேற்க ஒரு மைல், அது போதும்.

மூணு மாசம் ஒண்ணுமில்ல. ஒரு வாரம் திடீர்னு பார்த்தா, அந்தக் கட்டுரையை நானூத்திப் பன்னெண்டு பேரு இறக்கியிருக்காங்க! எங்க களஞ்சியத்துல நாப்பது தாண்டினாலே நான் ஸ்வீட் வாங்குவேன். நானூத்திப் பன்னெண்டு! எங்க இருந்து இறக்கினாங்கன்னு காட்டற வரைபடத்துல பார்த்தா எல்லாம் நம்ம மாவட்டம், கொஞ்சம் திருப்பூர், கொஞ்சம் மும்பை. துணைவேந்தருக்குக் காட்டினேன். கூட்டத்துல என்னை எழுந்து நிக்கச் சொன்னார். "இந்தம்மா ஒரு பழைய கட்டுரைக்கு உயிர் கொடுத்திருக்காங்க"ன்னு சொல்லிக் கை தட்டச் சொன்னார். தட்டினாங்க. முப்பது வருசம் சர்வீஸ்ல எனக்காகக் கை தட்டினது அன்னிக்குத்தான். அதையும் சொல்லிடறேன், மறைக்கறதுக்கு என்ன இருக்கு.

அடுத்த நாள் ஞானதிரவியம் சார் போன்.

"செண்பகம், அதைப் போட்டுட்டியா?"

குரல் எப்படி இருந்துச்சுன்னா, கோவம் இல்ல. மூச்சு வாங்கற மாதிரி.

என்ன நடந்திருக்குன்னா, அந்த ஊர்ல ஒரு காலேஜ் பொண்ணு அவ ஊர் பேரைப் போட்டுத் தேடியிருக்கா. கட்டுரை வந்திருக்கு. நம்ம ஊரைப் பத்தி ஆராய்ச்சின்னு பெருமையா ஊர் வாட்ஸாப் குரூப்புல போட்டுட்டா. போட்டதும் எல்லாரும் இறக்கியிருக்காங்க. இங்கிலீஷ் தெரிஞ்ச ஒருத்தர் ஏழாம் பக்கத்தைப் படிச்சிருக்கார். அதுல எல்-ஏழுன்னு ஒரு பெண். வயசு இருபத்தொன்பது. கணவர் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். ரெண்டு குழந்தை. ரைஸ் மில்லை ஒட்டின வீடு. தொழுநோய்க்கு ரெண்டு வருசம் சிகிச்சை எடுத்து முழுசா குணமானவர். அந்த ரெண்டு வருசமும் கணவருக்குத் தெரியாது. மாத்திரை வாங்கப் போற நாளெல்லாம் தையல் வகுப்புக்குப் போறேன்னு சொல்லியிருக்கார். மாத்திரையால தோல் கறுத்ததுக்கு வெயில்னு சொல்லியிருக்கார்.

ஊர்ல வாத்தியார் எத்தனை பேரு, அதுல ரைஸ் மில் பக்கத்துல யாரு? ஒருத்தர்தான். ஆவுடையப்பன் சார். அவர் மனைவி உலகம்மாள். ஐயோ, பேரைச் சொல்லிட்டேன். பரவாயில்ல, நீங்க யாரோ, நான் யாரோ.

அந்த ஏழாம் பக்கத்தை மட்டும் போட்டோ பிடிச்சு ஊரே சுத்த விட்டிருக்காங்க. மகன் திருப்பூர்ல இருக்கார். எங்க அலுவலகத்துல சார் நம்பரை வாங்கி, போன்லயே கேக்கக் கூடாததெல்லாம் கேட்டிருக்கார். ஏன்னா கீழ போட்டிருக்கே: பதிவேற்றியவர், ஆசிரியர்.

"நான் ஏத்தலன்னு அந்தப் பையன்கிட்ட எப்படிம்மா சொல்லுவேன்? என் பேரு இருக்கு. அந்தம்மாவுக்கு நான் வாக்குக் கொடுத்திருந்தேன்"ங்கறார் சார்.

நானும் கேட்டேன். "சார், நீங்க காரணத்தை அன்னிக்கே சொல்லியிருந்தா நான் போட்டிருப்பேனா?"

அதுக்கு அவர் சொன்னார், "காரணத்தைச் சொன்னா உனக்குச் சொன்னதா ஆயிருமே. யாருக்கும் சொல்ல மாட்டேன்னுதானே வாக்கு."

இது என்ன நியாயம், சொல்லுங்க. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னா எதுக்கு எழுதறது?

உடனே எடுக்கச் சொன்னார். நான் எடுக்கறதுக்கு என்ன, ஒரு பட்டன். ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே. ஏத்தினதை எடுக்கணும்னா குழு கூடணும், மூணு பேரு கையெழுத்துப் போடணும். அதை எழுதினவளே நான்தான், நானே மீறினா நல்லாவா இருக்கும்? லெட்டர் எழுதிக் கொடுங்க சார்னேன். எழுதிக் கொடுத்தார். கொடுத்துட்டு வீட்டுக்குப் போகல. நாளிதழ் படிக்கிற பக்கம் ஒரு பெஞ்சு கிடக்கும், அதுல உக்காந்துட்டார். பத்து மணிக்கு வருவார், சாத்தறப்போ போவார். கையில குடை. பேப்பர் படிக்கறதில்ல. என்னைப் பார்க்கறதும் இல்ல. நான் அந்தப் பக்கமா போக வேண்டிய வேலை ஒரு நாளைக்கு இருபது தடவை வரும். நீங்களே நினைச்சுப் பாருங்க. மூணு நாள். நாலாம் நாள் மூணாவது கையெழுத்து வந்துச்சு, எடுத்துட்டேன். அவர் எழுந்தார், குடையை எடுத்துக்கிட்டார், போயிட்டார்.

அந்த மூணு நாள்ல இன்னும் ஒரு நூத்தம்பது பேரு இறக்கியிருந்தாங்க.

அப்புறம் அவர் அந்த ஊருக்கே போயிருக்கார். வாத்தியார் வாசல்லயே நிறுத்திட்டார். "அவ பேசின ஆளு நீர்தானா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு உள்ள போயிட்டாராம். இதை எனக்குப் போன்ல சொன்னார். நான், "சார், நான் போய் விளக்கிச் சொல்லிட்டு வர்றேன்"னேன். "நீ எங்கயும் போகாத. விட்டுரு"ன்னார்.

விட முடியுமா? எனக்கு ரெண்டு வாரமா உக்கார முடியலங்க. ஸ்கேனர் முன்னாடி நிக்கிறேன், தாளைத் தலைகீழா வைக்கிறேன். இன்னிக்கு லீவு போட்டேன். மன்னிப்புக் கேக்கறதுக்கு இல்ல. நான் என்ன தப்புப் பண்ணினேன்? நடந்தது என்னன்னு சொல்லணும், சார் பேர்ல பழி இருக்கக் கூடாது, அவ்வளவுதான். கட்டுரையைப் பிரிண்ட் எடுத்துப் பையில வச்சுக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

கைகாட்டியில இறங்கி டீக்கடையில வழி கேட்டேன். "வாத்தியார் வீடு எங்க?"ன்னா, "எந்த வாத்தியாரு?"ங்கறார் கடைக்காரர். "அந்த ஆராய்ச்சியில வந்தாங்களே, அவங்க வீடு"ன்னேன். பெஞ்சுல இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தாங்க. வழியைக் காட்டினாங்க. வேற எப்படிக் கேக்கறது? விலாசமா இருக்கு எங்கிட்ட?

நல்ல வீடு. சின்னதுதான், சுத்தம். வாசல்ல 'இட்லி மாவு கிடைக்கும்'னு ஒரு அட்டை, அதைத் திருப்பி வச்சிருக்காங்க. முன்னறையில வாத்தியார் நாற்காலியில உக்காந்திருக்கார். பக்கத்துல ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு சட்டி, ஒரு தட்டு. சொந்த வீட்டுக்குள்ளயே தனிச் சமையல்! இருபது நாளா அப்படித்தானாம். நான் யாருன்னு சொன்னேன். "ஏத்தினது நான்தான் சார். ஞானதிரவியம் சார் இல்ல"ன்னேன். அவர் என்னைப் பார்த்தார். கத்துவார்னு நினைச்சேன். "உள்ள இருக்கா"ன்னு மட்டும் சொன்னார்.

உலகம்மாள் அம்மா கிரைண்டரைத் துணி போட்டு மூடிக்கிட்டிருந்தாங்க. அறுபது வயசுன்னா நம்ப முடியாது, திடமா இருக்காங்க. கை விரலெல்லாம் நான் பார்த்தேன். நல்லா இருக்கு, ஒண்ணும் தெரியல.

"ஒக்காருங்கம்மா. காபி போடுதேன்."

"வேண்டாம்மா, நான் காபி சாப்பிடறதில்ல"ன்னேன். வயித்துக்கு அந்த நேரம் ஒரு மாதிரி இருந்துச்சு. வேற ஒண்ணுமில்ல. குணமான வியாதின்னு எனக்குத் தெரியாதா, படிச்சவதானே நான். அவங்க எடுத்த டம்ளரை மறுபடி கவிழ்த்து வச்சாங்க.

நான் களஞ்சியம்னா என்னன்னு ஆரம்பிச்சேன். விதி, குழு, தேடுசொல் எல்லாம் விளக்கினேன். பொறுமையாக் கேட்டாங்க. மாவு வாங்க வர்றவங்க நின்னுட்டாங்களாம். மகளிர் குழுவுல, "அக்கா, நீங்க கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம்"னு சொல்லிட்டாங்களாம். அதெல்லாம் யாரோ வேற ஆளுக்கு நடந்த மாதிரி சொன்னாங்க. அப்புறம் முன்னறைப் பக்கம் கண்ணைக் காட்டிச் சொன்னாங்க:

"ஊரு கெடக்கட்டும். அவுக எங்கிட்டப் பேசல. வியாதின்னுட்டு இல்ல. 'எங்கிட்டச் சொல்லாததை வெளியூர்க்காரங்கிட்டப் போயிச் சொல்லியிருக்கியே'ன்னு ஒரு வார்த்தை கேட்டாக. அம்புட்டுத்தான்."

"ஏம்மா ஞானதிரவியம் சார்கிட்டச் சொன்னீங்க?"

"அவரு கேட்டாரு. எப்படி இருக்கன்னு கேட்டுட்டு, நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் ஒக்காந்திருந்தாரு. வேற யாரு கேட்டா?"

பையைத் திறந்தேன், மூடினேன். அதுல தாளைப் பார்த்துட்டாங்க.

"அதானா அது?"

"ஆமாம்மா."

"ஊரு பூராப் படிச்சிட்டாக. நான் படிக்கல. இங்கிலீசுல்லா இருக்கு. என்ன எழுதியிருக்குன்னு எனக்கு ஒருத்தரும் சொல்லல. நீ படிச்சுச் சொல்லு."

படிச்சேன். ஒரு வரி இங்கிலீஷ்ல மனசுக்குள்ள, ஒரு வரி தமிழ்ல வாய் விட்டு. ஏழாம் பக்கம் வந்ததும் அவங்க, "ஆமா, ஆமா"ன்னு தலையாட்டினாங்க. வெயில்னு சொன்னதைப் படிச்சப்போ, "வெயிலுன்னா சொன்னேன்? ஆமா, சொன்னேன்"னாங்க. ஊர்ல சுத்தினது அந்த ஏழாம் பக்கத்தோட சரி. பக்கத்தைத் திருப்பினேன். எட்டாம் பக்கத்துல அவங்க பேசினதை அப்படியே ஞானதிரவியம் சார் எழுதியிருக்கார். மேற்கோள் குறிக்குள்ள.

இருங்க, எடுக்கறேன்... இல்ல, எனக்கு மனப்பாடம் ஆயிருச்சு. "என் வீட்டுக்காரர் என்னை விரட்ட மாட்டார். அது எனக்குத் தெரியும். ஆனா அவருக்கு மறைக்கத் தெரியாது. முகத்துல காட்டிக் கொடுத்திரும். பள்ளிக்கூடத்துல தெரிஞ்சா, எந்தத் தாய் அவர்கிட்டப் பிள்ளையை அனுப்புவா? பிள்ளை இல்லாத வகுப்புல நிக்க அவரால முடியாது. அதனால நான் சொல்லல. ரெண்டு வருசம்தானே, நான் ஒருத்தி சுமந்துக்கிடுவேன்."

நான் படிச்சு முடிக்கல, முன்னறையில நாற்காலி நகர்ற சத்தம். வாத்தியார் நடையில வந்து நிக்கிறார். கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டு.

"அந்த முத வரியைத் திருப்பிப் படிங்க."

படிச்சேன்.

"'தெரியும்'னு இருக்கா? இல்ல, 'விரட்ட மாட்டாருன்னு நினைக்கேன்'னு இருக்கா?"

எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. நான் ஏதாவது தப்பா மொழிபெயர்த்துட்டேனோன்னு. மறுபடி இங்கிலீஷைப் பார்த்தேன். "தெரியும்னுதான் சார் இருக்கு."

"இங்க கொடுங்க."

வாங்கிக்கிட்டார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டு, விரலை வச்சு, பிள்ளைங்களுக்குப் படிச்சுக் காட்டற மாதிரி ஒவ்வொரு வார்த்தையா படிச்சார். அந்த மனுசன் அதுவரைக்கும் அந்தக் கட்டுரையைத் தொட்டதே இல்லையாம். ஊர்க்காரங்க போன்ல காட்ட வந்தப்போ கூட முகத்தைத் திருப்பிக்கிட்டாராம். படிச்சார். ரெண்டு தடவை படிச்சார். அந்தம்மா கிரைண்டர் துணியோட நுனியை இழுத்து இழுத்து விட்டுக்கிட்டே இருக்காங்க.

தாள்ல இருந்து கண்ணை எடுக்காம அவர் கேட்டார், "தையல் மெசினு வாங்கித் தாரேன், வாங்கித் தாரேன்னு நான் அப்ப உசுரை விட்டேனே. வேண்டாம் வேண்டாம்னியே. அது இதுக்குத்தானா?"

"எனக்குத் தைக்கத் தெரிஞ்சாத்தான?"ன்னாங்க.

அவ்வளவுதான் பேசினாங்க. அவர் ஸ்டவ்வைத் தூக்கி உள்ள வச்சாரா, கட்டிப் பிடிச்சு அழுதாரான்னு கேக்காதீங்க, அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கல. தாளோட முன்னறைக்குப் போயிட்டார். ஆனா போறப்போ, "மத்தியானம் ஆயிருச்சு. அந்தப் பொம்பளைக்கும் சோறு போடு"ன்னு சொல்லிட்டுப் போனார். 'அந்தப் பொம்பளைக்கும்'னார். கவனிச்சீங்களா? 'உம்'. அப்ப அவருக்கும்னுதானே அர்த்தம்? அந்தம்மாவுக்கு அது புரிஞ்சிருச்சு. உடனே எழுந்து உலை வச்சாங்க.

இப்ப சொல்லுங்க. நான் போட்டது தப்பா? நான் போடாம இருந்திருந்தா அந்த எட்டாம் பக்கம் கிடங்குல தூசிக்குள்ளயே கிடந்திருக்கும். அந்த மனுசன் சாகற வரைக்கும் தெரியாமலே போயிருக்கும், பொண்டாட்டி தன்னைப் பத்தி என்ன நினைச்சான்னு. நான் நினைச்சேன், இதை ஞானதிரவியம் சார்கிட்டச் சொல்லணும், அவரும் ஒத்துக்குவார்னு.

சோறு சாப்பிட்டேனான்னா... கொஞ்சம் சாப்பிட்டேன். பேருக்கு.

கிளம்பறப்போ எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. இதுலதான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேனோ என்னவோ. எங்கிட்ட ஒப்புதல் படிவம் எப்பவும் பையில இருக்கும். சம்பந்தப்பட்டவங்களே கையெழுத்துப் போட்டுட்டா கட்டுரையை முறைப்படி மறுபடி ஏத்தலாம். இந்தத் தடவை எந்தக் குழுவும் கேள்வி கேக்க முடியாது. எல்லாம்தான் வெளியே வந்தாச்சே, இனிமே மறைக்க என்ன இருக்கு? ஏழாம் பக்கத்தை மட்டும் பார்த்தவங்க எட்டாம் பக்கத்தையும் பார்க்கட்டுமேன்னுதான். நல்ல எண்ணம்தான். படிவத்தை எடுத்து நீட்டினேன்.

"என்னத்துக்கும்மா இது?"

சொன்னேன். உலகம்மாள் அம்மா வாங்கிக்கிட்டாங்க. திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. பேனாவைக் கேப்பாங்கன்னு நான் பேனாவைக் கூட எடுத்துட்டேன்.

"நீ இதைக் கம்ப்யூட்டர்ல போட்டியே, அப்ப இதைப் படிச்சியா?"ன்னு கேட்டாங்க.

நான் தலைப்பு, சுருக்கம், தேடுசொல், நன்றியுரைன்னு சொல்ல ஆரம்பிச்சேன்.

"அது இல்லம்மா. நான் பேசினது. அதைப் படிச்சியா?"

நான் என்னங்க சொல்றது? ஒரு நாளைக்கு நாப்பது கட்டுரை ஏத்தறேன். முதல் பக்கம், கடைசிப் பக்கம், அது போதும், எங்க வேலைக்கு அதுதான் முறை.

"இல்லம்மா"ன்னேன். "இன்னிக்குத்தான். உங்க கூடத்தான்."

திட்டுவாங்கன்னு நின்னேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். கையெழுத்து போட மாட்டேன்னு சொல்லியிருந்தாலும் சரின்னு எடுத்துட்டு வந்திருப்பேன். அவங்க படிவத்தை நாலா மடிச்சு என் கையில வச்சாங்க. "பஸ்ஸு போயிரும், பாத்துப் போம்மா"ன்னாங்க. வாசல் வரைக்கும் வந்தாங்க. மாவு அட்டையைத் திருப்பி நேரா வச்சுட்டு உள்ள போயிட்டாங்க.

நீங்க ஒண்ணும் பேச மாட்டேங்கறீங்க. பரவாயில்ல.

திங்கட்கிழமை வேலை தலைக்கு மேல இருக்கு. பழைய ஆய்வேடுங்க எழுநூறு. எல்லாம் ஸ்கேன் ஆகி வந்து வரிசையா கிடக்கு. அந்தக் காலத்து ஆளுங்க ஊர் ஊராப் போய் யார் யார்கிட்டயோ கேட்டு எழுதினது. மாசக் கடைசிக்குள்ள ஏத்தியாகணும், துணைவேந்தருக்கு வாக்குக் கொடுத்துட்டேன். ஒரு ஆய்வேடு முந்நூறு பக்கம். எழுநூறு ஆய்வேடு.

எப்படிங்க படிக்கறது?